அத்தியாயம் 7: கூழாங்கல்லும் எலும்புத் துண்டும்

மேடையின் அளவு, திரையின் அமைப்பு, ஒத்திகைக்கு வேண்டிய நாட்கள் ஆகியவற்றைப் பற்றி முந்தைய அத்தியாயங்களில் பொதுவாகச் சொல்லி வந்தோம். இனி ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு, எட்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளைக் கொண்டு அதை மேடையேற்றுவதற்குச் செய்யவேண்டியவற்றை, அனுபவத்தில் கண்டபடி விவரமாகச் சொல்லப் புகுகிறேன். நான் எடுத்துக்கொள்வது ஜெர்மனி தேசத்து விறகுவெட்டியின் மக்களாகிய ஹான்சல், கிரேட்டல் என்னும் அண்ணன் தங்கையின் கதை. கிரிம் சகோதரர்கள் காஸ்ஸல் நகரில் வாழ்ந்த காலத்தில் அதைக் கேட்டெழுதி, 1812-ஆம் ஆண்டில் வெளிவந்த தங்கள் கதைத் தொகுதியில் 15-ஆம் கதையாகச் சேர்த்தார்கள்.

தேவதைக் கதைகளுள் பெரும்பாலானவை மேடையை நோக்கி வரும்போது நம்மைச் செலவுக்கும் சங்கடத்துக்கும் ஆளாக்குகின்றன. ஒன்றில் பூசணிக்காய் ரதமாக வேண்டும். மற்றொன்றில் தவளை ராஜகுமாரனாக வேண்டும். வேறொன்றில் நூறு வருஷம் உறங்கிய அரண்மனை ஒரு கணத்தில் கண்விழிக்க வேண்டும். இவற்றையெல்லாம் அட்டையாலும் ஜிகினாவாலும் செய்துகாட்ட முயன்று, பிள்ளைகளின் முகத்தைக் காட்டிலும் படுதாவின் பளபளப்பே பெரிதாகிப் போன நாடகங்களை நான் பல பார்த்திருக்கிறேன். ஹான்சல் கதையிலோ, கதையின் போக்கைத் திருப்புகிற பொருள்கள் அநேகமாக எல்லாம் ஒரு குழந்தையின் உள்ளங்கையில் அடங்குபவை: வழிகாட்டும் வெண்ணிறக் கூழாங்கற்கள், பறவைகள் தின்றுவிடும் ரொட்டித் துண்டுகள், கண் தெரியாத கிழவியை ஏமாற்ற உதவும் ஒரு சிறு எலும்பு, முடிவில் மடியிலிருந்து உதிரும் முத்துக்கள். அடுப்பு ஒன்றுதான் பெரியது. அதைப் பற்றிப் பின்னால் சொல்வேன்.

இப்பொருள்களைக் கொண்டே நாடகத்தைக் கட்ட வேண்டும் என்பதும், வசனத்தைக் கொடுப்பதற்கு முன்னால் பொருளைப் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டும் என்பதும் இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்பும் முறை. முதலில் வசனத்தை நெட்டுருப் பண்ணுவித்துப் பிறகு அபிநயம் சொல்லிக் கொடுப்பதே நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 1918-ஆம் ஆண்டில் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிச் சிறுவர்களுக்குப் பாட்டும் வசனமும் பயிற்றுவித்தபோது, அப்பிள்ளைகள் நாடகத்தையே வாழ்வாகக் கொண்டு அதற்குள்ளேயே உண்டு உறங்கி வளர்ந்தபடியால், மனப்பாடம் அவர்களுக்குச் சுபாவமாகவே அமைந்துவிட்டது. நம்மிடம் வருபவனோ பள்ளிக்கூடம் விட்டபின் ஒரு மணி நேரம் வந்து, விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்ப வேண்டிய பிள்ளை. அவனிடம் முதல் நாளே வசனத் தாளை நீட்டினால், வாய் ஒப்பிக்கும். கைகளிரண்டும் வேறு யாருடையவையோ போலத் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தக் கைகளுக்கு ஒரு வேலை கொடுத்துவிட்டோமானால் முகம் தானே உயிர் பெறுகிறது.

ஆகவே முதல் வாரம் முழுவதும் வசனத் தாளை வெளியே எடுக்க வேண்டாம். கதையை ஒருமுறை நிதானமாகச் சொல்லிவிட்டு, ஒரு பையில் கொஞ்சம் கூழாங்கற்களுடன் பிள்ளைகளைத் திறந்த வெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். இருவர் தாய் தந்தையராக முன்னே நடக்கட்டும். ஒருவன் ஹான்சலாகப் பின்னே நடந்து, அவர்கள் அறியாதபடி பத்தடிக்கு ஒரு கல் போட்டுக்கொண்டே வரட்டும். முன்னே செல்பவர்கள் எந்தக் கணமும் திரும்பிப் பார்க்கலாம் என்பதும், கையும் களவுமாகப் பிடிபட்டால் அடுத்த பிள்ளை ஹான்சலாக வேண்டும் என்பதும் விதி. மூலக் கதையில், ஏன் நின்று நின்று வருகிறாய் என்று தந்தை கேட்கும்போது, கூரைமேலிருக்கும் தன் வெள்ளைப் பூனைக்குட்டியைப் பார்ப்பதாக ஹான்சல் சாக்குச் சொல்கிறான். நம் பிள்ளைகளும் பிடிபடுந்தோறும் தங்களுக்குத் தோன்றிய ஒரு சாக்கைச் சொல்லட்டும். அரை மணி நேரத்துக்குள் அவர்கள் முகங்களில் தோன்றும் எச்சரிக்கையையும், கல்லை நழுவவிடும் விரல்களின் சாமர்த்தியத்தையும் எந்த ஆசிரியராலும் சொல்லிக் கொடுத்து வருவிக்க முடியாது. மேடைக்கு வேண்டியது அதுவே. ‘பயந்தவன் போல் முகத்தை வைத்துக்கொள்’ என்று ஒரு குழந்தையிடம் ஒருபோதும் சொல்லாதீர்கள். அது கண்ணை அகல விழித்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

மேடைக்கு வரும்போது உண்மைக் கூழாங்கல் உதவாது; உருண்டோடிக் காலில் இடறும், விழுகிற ஓசை வசனத்தை மறைக்கும். வெள்ளைத் துணியில் உள்ளங்கையளவு சிறு பைகள் தைத்து, பாதி அளவுக்குப் புளியங்கொட்டை நிரப்பி மூடிவிட்டால், போட்ட இடத்தில் தட்டையாகக் கிடக்கும். கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கும் தெரியும். பன்னிரண்டு பைகள் போதும். நிலவு எழுந்ததும் கற்கள் வெள்ளிக் காசுகளைப் போல் மின்னினவென்று கதை சொல்கிறது. மேடை விளக்குகளைத் தணித்துவிட்டு, பக்கத்திலிருந்து ஒரே ஒரு விளக்கைத் தாழ்வாகத் தரையோடு வீசச் செய்தால் அந்த மின்னல் அப்படியே கிடைத்துவிடும்.

ரொட்டித் துண்டுகளுக்கு உண்மை ரொட்டியைப் பயன்படுத்தினால் மிதிபட்டுக் குழையும். மறுநாள் மேடை முழுதும் எறும்பு மொய்க்கும். பஞ்சை எலுமிச்சங்காயளவு உருட்டி நூலால் கட்டிக்கொள்வது நலம். அவற்றைத் தின்ன வரும் பறவைகளாக, உங்களிடமுள்ளவர்களில் மிகச் சிறிய பிள்ளைகள் ஆறு பேரை நியமியுங்கள். வசனம் ஒன்றும் இல்லாத வேஷமாயினும், குழந்தைகள் காட்டில் வழிதவறுவதற்குக் காரணமாவது அந்த வேஷமே. ஹான்சல் இருபது உருண்டை போட்டானென்றால் பறவைகள் இருபதையும் எண்ணிப் பொறுக்கிக்கொண்டு போக வேண்டும். ஒன்றுகூட மேடையில் மிச்சமிருக்கக் கூடாது. அவ்வளவு சிறிய பிள்ளைக்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய பொறுப்பு. அதை அவர்கள் எவ்வளவு கௌரவமாக ஏற்றுக்கொள்கிறார்களென்பதைக் கண்டு நான் ஒவ்வொரு முறையும் நெகிழ்ந்திருக்கிறேன். அன்றியும், அடுத்த காட்சிக்கு மேடையைக் கூட்டித் துப்புரவு செய்யும் வேலை கதைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இனி, தாயைப் பற்றிய ஒரு கடினமான கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில், பிள்ளைகளைக் காட்டில் விட்டுவர வேண்டுமென்று சொல்பவள் பெற்ற தாயே. 1840-இல் வந்த 4-ஆம் பதிப்பில்தான் அவள் மாற்றாந்தாயாக மாற்றப்பட்டாள். பெற்றவள் இவ்வாறு செய்வாளென்று குழந்தைகளுக்குச் சொல்ல மனம் கூசிச் செய்த மாறுதல் அது என்று தோன்றுகிறது. நமக்கோ அந்த மாறுதல் வேறொரு தொல்லையைக் கொண்டுவருகிறது. இருபது முப்பது பிள்ளைகள் கூடும் ஒரு குழுவில், சிற்றன்னையின் கையால் உண்டு வளரும் குழந்தை ஒன்றாவது இருக்கக்கூடும். அந்தக் குழந்தையும், சபையில் அமர்ந்திருக்கும் அந்தச் சிற்றன்னையும் அன்றிரவு வீடு திரும்புகையில் எந்த நினைவோடு திரும்புவார்கள் என்று நாம் யோசிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். ஆகையால் நான் இருவகையாகவும் சொல்லாமல், அவளை விறகுவெட்டியின் மனைவி என்று மட்டும் குறிப்பிட்டு, பஞ்சத்தையே கொடியதாகக் காட்டுவது வழக்கம். கதையின் தொடக்கமே நாட்டில் தானியவிலை ஏறி, அன்றாட ரொட்டிக்கும் வழியில்லாமற் போனதுதான். தாது வருஷத்துப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்ட குடும்பங்களில் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இதை விளக்க நெடுநேரம் பிடிக்காது.

இந்தக் காட்சியை அமைப்பதற்கு ஓர் உபாயம் உண்டு. பசியால் உறக்கம் வராத குழந்தைகள் பக்கத்து அறையில் பெற்றோர் பேசிக்கொள்வதைக் கேட்டுவிடுகிறார்கள் என்பது கதை. மேடையின் பின்பகுதியில் ஒரு வெள்ளை வேட்டியை இறுகக் கட்டி, அதற்குப் பின்னால் விளக்கு வைத்து, பெற்றோராக நடிப்பவர்களின் நிழல் மட்டும் தெரியும்படி செய்யுங்கள். முன்னால் ஹான்சலும் கிரேட்டலும் ஒரே போர்வைக்குள் விழித்தபடி படுத்திருக்கட்டும். அவ்வாறு செய்தால், கொடிய வார்த்தையைச் சொல்லும் குழந்தையின் முகம் சபைக்குத் தெரியாது. கேட்கும் குழந்தைகளின் முகமே தெரியும். காட்சியின் சாரமும் கேட்பவர்களிடத்தில்தான் இருக்கிறது.

காட்டைக் காட்டுவதற்கு வர்ணப் படுதா வேண்டுவதில்லை, ஓசையால் காட்டலாம். இந்தக் கதைக்குள்ளேயே அதற்கு அற்புதமான ஒரு சாதனம் கிடக்கிறது. தந்தை அருகில்தான் மரம் வெட்டிக்கொண்டிருக்கிறான் என்று எண்ணிக் குழந்தைகள் நெருப்பருகே உறங்கிவிடுகிறார்கள். அவர்கள் கேட்டதோ கோடரியின் ஓசையன்று. பட்டுப்போன மரமொன்றில் அவன் கட்டிவைத்துப் போயிருந்த ஒரு கிளை, காற்றில் ஆடி ஆடி மோதிய ஓசை. பக்கத் தட்டிக்குப் பின்னால் ஒரு பிள்ளை உலக்கை நுனியால் ஒரு மரப்பலகையைச் சீராகத் தட்டட்டும். முதலில் கோடரி விழுவதுபோல் ஒரே அளவாகத் தட்டி, விளக்கு மங்க மங்க அந்த அளவைச் சிறிது சிறிதாகக் குலைத்துக் காற்றின் போக்குக்கு விட்டுவிட வேண்டும். கிரேட்டல் எழுந்து அந்த ஓசையைத் தேடிப்போய், வெறுங் கிளையைக் கையில் பிடித்து நிறுத்தும்போது உண்டாகும் நிசப்தம், இந்நாடகத்தின் மிகச் சிறந்த கணங்களுள் ஒன்று. அந்தக் கிளையைத் தட்டிக்கு வெளியே சற்றே நீட்டியிருக்கும்படி கட்டிவைத்தால் போதும். நல்ல குரலில்லையென்று ஒதுங்கி நின்ற ஒரு சிறுவனுக்கு நான் அந்த உலக்கையைக் கொடுத்தேன். ஒத்திகை தோறும் ஓசையை நுணுக்கமாகத் திருத்தி, நாடகத்தின் தாளத்தையே அவன் தன் கைக்குள் வைத்துக்கொண்டான்.

வழிதவறிய குழந்தைகள் வந்துசேரும், சூனியக்காரக் கிழவியின் ரொட்டியாலான வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாசலும் ஒரு ஜன்னலும் உள்ள தட்டி ஒன்று போதும். குழந்தைகள் பிய்த்துத் தின்பதற்கு நாலைந்து இடங்களில் உண்மையான பிஸ்கோத்தை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள், ஆனால் வாயில் நிறைய வைத்துக்கொண்டு வசனம் பேச விடாதீர்கள். பிள்ளைகளின் தொகை பெரிதாயிருந்தால், வீட்டின் வேலியை அட்டையால் செய்யாமல் பிள்ளைகளாலேயே செய்யலாம். இந்த யோசனை என்னுடையதன்று; அதன் பின்னால் ஓர் இனிய வரலாறு இருக்கிறது.

1890-ஆம் ஆண்டில் அடல்ஹைட் வெட்டே என்னும் ஜெர்மானிய அம்மையார், தம் பெண்குழந்தைகள் வீட்டில் நடிப்பதற்காக இக்கதையை ஒரு சிறு நாடகமாக எழுதி, அதற்குச் சில பாட்டுக்கள் அமைத்துத் தரும்படி தம் தமையனாராகிய எங்கல்பெர்ட் ஹும்பர்டிங்கைக் கேட்டுக்கொண்டார். அந்தச் சில பாட்டுக்களே வளர்ந்து முழு இசை நாடகமாகி, 1893-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி வைமர் நகரில், ரிச்சர்ட் ஷ்ட்ராவுஸ் வாத்தியக் குழுவை நடத்த, அரங்கேறிற்று. அதில் தாய் குழந்தைகளைத் திட்டமிட்டுக் கைவிடுவதில்லை; பால் குடம் உடைந்த ஆத்திரத்தில் பழம் பொறுக்கி வரும்படி காட்டுக்கு விரட்டுகிறாள். சூனியக்காரியின் வேலியோ, அவளால் இஞ்சி ரொட்டியாக மாற்றப்பட்ட பழைய குழந்தைகளின் வரிசை. அவள் அழிந்ததும் அவர்கள் உயிர் பெறுகிறார்கள். கிரிம் கதையில் இந்த வேலி இல்லை. எனினும் எட்டுப் பத்துப் பிள்ளைகளை, கைகோத்து அசைவின்றி நிற்கும் வேலியாக்கி, முடிவில் ஒவ்வொருவராக கிரேட்டலின் கை பட்டவுடன் கண் திறக்கச் செய்வதைக் காட்டிலும் அழகான ஏற்பாடு எனக்குத் தெரியாது. ஐந்து நிமிஷத்துக்கு மேல் அவர்களை அசையாமல் நிற்க வைக்காதீர்கள், மூக்கு அரிக்கும்.

சூனியக்காரி வேஷத்தை யாருக்குக் கொடுப்பது? இதை நான் ஆழ்ந்த கவலையோடு எழுதுகிறேன். நிறம் கறுத்த பிள்ளையையோ, பல் துருத்திய பிள்ளையையோ, ஓயாமல் குறும்பு செய்து ஆசிரியரின் பொறுமையைச் சோதிக்கும் பிள்ளையையோ பொறுக்கி எடுத்து, ‘உனக்குத்தான் இது பொருத்தம்’ என்று சொல்லும் வழக்கம் நம் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது. அப்படித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சிறுமியை நான் அறிவேன். நாடகம் மிக நன்றாக நடந்தது, எல்லாரும் கைதட்டினார்கள், ஆனால் அந்த வருஷம் முழுவதும் அவளுக்கு வகுப்பில் வேறு பெயரே இல்லாமற் போயிற்று. தேர்வு செய்தவர்களுள் நானும் ஒருவன். அதை நான் தடுக்கவில்லை. அன்று முதல், குழுவில் எல்லாருடைய அன்பையும் பெற்ற, சாந்த சுபாவமுள்ள பிள்ளைக்கே இந்த வேஷத்தைக் கொடுப்பதென்று விதி செய்துகொண்டேன். அத்தகைய பிள்ளையை யாரும் அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடத் துணிவதில்லை. மற்றொரு லாபமும் உண்டு: அடுப்புக் காட்சியில் நிதானம் தவறாமல், எதிரில் நிற்கும் பிள்ளைக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்புணர்ச்சி அத்தகைய பிள்ளையிடந்தான் இருக்கும்.

அந்தக் கிழவி அலற வேண்டாம், பல்லை நறநறக்க வேண்டாம். அவளுக்குக் கண்பார்வை மங்கல், மோப்பசக்தி அதிகம் என்று கதையே இரண்டு லட்சணங்களைத் தந்திருக்கிறது. அவற்றைச் செய்தால் போதும். கைகளால் காற்றைத் தடவிக்கொண்டு வருவதும், குழந்தைகள் நிற்கும் திசையை மூக்கால் கண்டுகொண்டு மெல்லத் திரும்புவதும், மிக அன்பான குரலில் உள்ளே வரும்படி அழைப்பதும் சபையைச் சில்லிட வைக்கும். இதற்குப் பயிற்சியாக, அந்தப் பிள்ளையின் கண்ணை ஒரு துணியால் கட்டி, மற்றவர்கள் சந்தடியின்றி நகர, யார் எங்கே நிற்கிறார்களென்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஹான்சல் அடைபடும் கூண்டை மூங்கில் பிளாச்சுகளால் செய்து, முன்பக்கத்தில் இடைவெளியை விசாலமாக விடுங்கள். அவன் முகம் மறையக் கூடாது. எலும்புக்கு, சுண்டுவிரல் கனமுள்ள ஒரு குச்சியைத் தோலுரித்து வெளுக்க வைத்துக்கொண்டால் போதும். விரலை நீட்டு, கொழுத்துவிட்டாயா என்று கிழவி கேட்குந்தோறும் அவன் எலும்பை நீட்டுகிறான். நாலு வாரம் இவ்வாறு கழிகிறது. இந்த நாலு வாரத்தை மூன்றே முறை நடித்துக் காட்ட வேண்டும். முதல் முறை ஹான்சலுக்கு யோசனை தோன்றுவதே சபைக்குத் தெரியும்படி மெதுவாகவும், இரண்டாம் முறை சற்றுத் தைரியத்தோடும், மூன்றாம் முறை கிழவி பொறுமையிழந்து எலும்பை வெகுநேரம் தடவிக்கொண்டிருக்கும்படியும் அமையட்டும். அந்த மூன்றாம் முறையில் சபையிலிருக்கும் குழந்தைகள் மூச்சுவிட மறப்பார்கள். அவசரப்பட்டு இதைக் குறுக்கிவிடாதீர்கள்.

அடுப்புக் காட்சியில் நெருப்பின் பேச்சே கூடாது. மெழுகுவத்தியும் கூடாது, சாம்பிராணிப் புகையும் கூடாது. மூங்கில் சட்டத்தில் கறுப்புத் துணி போர்த்தி, வாய்ப்புறம் பக்கத் தட்டியை நோக்கியும், பின்புறம் தட்டிக்கு அப்பால் திறந்தும் இருக்குமாறு அடுப்பை அமைத்தால், கிழவி குனிந்து உள்ளே நுழைந்து மறுபுறம் எழுந்து போய்விடலாம்; அங்கே ஒரு பெரியவர் காத்திருந்து அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உள்ளே சிவப்புக் கண்ணாடிக் காகிதம் சுற்றிய ஒரு மின்விளக்கு. கிரேட்டலின் கை கிழவியின் முதுகில் படவே கூடாது. முதுகுக்கு ஒரு சாண் தூரத்தில் அவள் கைகளை நீட்டி நிறுத்த, கிழவி தானே பாய்ந்து உள்ளே போகிறாள். இதை முப்பது முறையாவது, முதலில் மிக மெதுவாக எண்ணிக்கை சொல்லிக்கொண்டு, ஒத்திகை பாருங்கள். கதவு சாத்தியதும் தாழ்ப்பாள் போடும் ஓசை கேட்க வேண்டும். பலகையில் அடித்த உண்மையான இரும்புத் தாழ்ப்பாள் ஒன்றைத் தட்டிக்குப் பின்னால் இழுத்தால் அது எடுபடும். கிழவியின் கூக்குரல் வேண்டாம். கிரேட்டல் கதவில் சாய்ந்துகொண்டு, தான் செய்ததை நம்ப முடியாதவளாக நிற்க, அந்தச் சிறுமிக்கு மனத்துக்குள் பத்து எண்ணச் சொல்லிக் கொடுங்கள். பிறகுதான் அவள் கூண்டை நோக்கி ஓட வேண்டும்.

இத்தனை பயத்தைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா என்று கேட்கும் பெற்றோர் உண்டு. கிழவியை அசட்டுக் கோமாளியாக்கிச் சிரிக்க வைத்துவிட்டால் கிரேட்டலின் துணிவுக்கு அர்த்தமில்லாமற் போகிறது. பயம் இருக்கட்டும், அதைத் தாண்டி நிற்பவள் தன் வயதுச் சிறுமி என்பதைக் குழந்தை பார்க்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களை மட்டும் முன்வரிசையில் உட்காரவைக்காமல், தாய்மாரின் மடியில் பின்னே இருத்துங்கள்.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. உரக்கப் பேசு என்றால் பிள்ளைகள் கத்துகிறார்கள். மண்டபத்தின் கடைசி வரிசையில் அவர்களுக்குப் பிரியமான ஒருவரை உட்காரவைத்து, அவருக்குச் சொல் என்றால் போதும். திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பவரை, நாடகத்துக்கு ஒரு வாரம் முன்பே நீக்கிவிட வேண்டும். மறந்தவன் கையிலிருக்கும் பொருளைப் பார்த்தால் வார்த்தை நினைவுக்கு வரும்படி ஆரம்பத்திலிருந்தே பழக்கியிருப்போமாகையால், அது சாத்தியமே. அரிதாரம் இளம் முகங்களுக்குத் தேவையில்லை. கிழவிக்குச் சணலால் நரைமயிரும், கண்ணைச் சுற்றிச் சிறிது மையும் போதும்.

வீடு திரும்பும் வழியில் ஒரு பெரிய நீர்நிலையைக் கடக்க வேண்டியிருக்க, வெள்ளை வாத்து ஒன்று குழந்தைகளைச் சுமந்து செல்வதாகக் கதை சொல்கிறது. 1812-ஆம் ஆண்டுப் பதிப்பில் இல்லாது பின்னால் சேர்ந்த பகுதி இது. எனினும் இதை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. ஏனெனில் இருவரும் சேர்ந்து ஏறினால் வாத்துக்குப் பாரமாகும், ஒருவர் பின் ஒருவராகப் போவோம் என்று சொல்பவள், காட்டுக்குள் நுழையும்போது அழுதுகொண்டிருந்த அதே கிரேட்டல். நீல வேட்டி ஒன்றை இரு பிள்ளைகள் இருமுனையிலும் பிடித்து அலைபோல் அசைக்க, வாத்தாக வரும் பிள்ளை கையைப் பிடித்து அழைத்துச் சென்றால் ஆயிற்று. முத்துக்களுக்கு வெண்மணிகள், தந்தையின் முன் கிரேட்டல் தன் மடியை உதறும்போது அவை தகரத்தட்டில் விழும் ஓசை கேட்கட்டும். அத்துடன் நாற்பது நிமிஷத்துக்குள் நாடகம் முடிந்துவிட வேண்டும்.

திரை விழுந்து மீண்டும் எழும்போது, கிழவியாக நடித்த பிள்ளை சணல் மயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, தன் சொந்த முகத்தோடு ஹான்சலுக்கும் கிரேட்டலுக்கும் நடுவில் கைகோத்து நிற்க வேண்டும். சபையிலுள்ள சிறு குழந்தைகள் அதைக் கண்ணால் பார்க்காமல் வீடு போகக் கூடாது. பிறகு தேங்காய் எண்ணெய் தொட்டு அவள் கண்மையை முதலில் துடையுங்கள். பறவைகள் ஆறு பேரும் பஞ்சுருண்டைகளை எண்ணிக் கூடையில் போடட்டும்; கற்பைகள் பன்னிரண்டும், எலும்பும், மணிகளும் பெட்டிக்குள் வந்து சேர்ந்தனவா என்று பார்த்துவிட்டு, உலக்கைப் பையனிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்து அனுப்புங்கள்; மறுநாள் மாலை முதலில் வந்து நிற்பவன் அவனாகத்தான் இருப்பான்.